ராடிக்கிளில் ஒரு ரெப்போ வருகிறது, இன்னொன்று வரமாட்டேன் என்கிறது

ஜூரோங்_வெஸ்ட்:
வணக்கம். நானும் நண்பரும் தமிழ்ச் சொற்பிழை திருத்தி ஒன்று எழுதுகிறோம். சிங்கப்பூரில் அவர் தெம்பனீஸ், நான் தீவின் மறுமுனை. ஒரே நிறுவனத்தின் சர்வரை நம்பியிருக்க வேண்டாமென்று நிரலை ராடிக்கிளுக்கு (மைய சர்வர் இல்லாமல் கணினிகளே நிரலைப் பகிரும் மென்பொருள்) மாற்றினோம். சோதனைக்குப் போட்ட குட்டி ரெப்போவை (நிரல் தொகுப்பு) அவர் உடனே இழுத்துவிட்டார். உண்மையான ரெப்போவை ‘ராட் குளோன்’ கட்டளையால் நகலெடுத்தால் மட்டும் சீட் (ரெப்போவின் பிரதியை வைத்துப் பகிரும் கணினி) எதுவும் கிடைக்கவில்லை என்கிறது. இரண்டு பக்கமும் நோடு (ராடிக்கிளின் பின்னணி நிரல்) ஓடுகிறது. ரூட்டர் கோளாறா?

கோப்பி_ஓ:
சோதனை ரெப்போ வந்ததென்றால் நோடு நன்றாகத்தான் இருக்கிறது. மற்றதைத் தொடங்கும்போது ‘பிரைவேட்’ கொடுத்தீர்களா?

ஜூரோங்_வெஸ்ட்:
ஆமாம். சொற்பட்டியல் பாதிதான் முடிந்திருக்கிறது, அதற்குள் ஊருக்குக் காட்ட வேண்டாமென்று.

கோப்பி_ஓ:
அதுதான் விஷயம். பொது ரெப்போவை உங்கள் நோடு எல்லாருக்கும் அறிவிக்கும். பொது சீட் நோடு பிரதி எடுத்து வைக்கும், நண்பர் அங்கிருந்து எடுத்திருப்பார். பிரைவேட் ரெப்போ நீங்கள் அனுமதித்தவருக்கு மட்டுமே போகும். நண்பரை ‘ராட் செல்ஃப்’ அடிக்கச் சொல்லி அவருடைய டிஐடியை (ராடிக்கிள் அடையாளக் குறி) வாங்கி, ‘ராட் ஐடி அப்டேட்’ கட்டளையில் ‘அலவ்’ போட்டுச் சேருங்கள். ஒன்று மனதில் இருக்கட்டும்: பிரைவேட் என்றால் பரப்பாமல் இருப்பது மட்டும்தான், வட்டில் குறியாக்கம் செய்து வைப்பதில்லை.

இதற்குப் பிறகுதான் ரூட்டர் பேச்சு. நடுவில் பொது சீட் இல்லாததால் இரண்டு வீட்டு நோடும் நேராகப் பேச வேண்டும். வெளியிலிருந்து வரும் இணைப்பை வீட்டு ரூட்டர் உள்ளே விடாது.

இரவு_ஷிஃப்ட்:
லோரா ரேடியோவில் அனுப்பலாமே, இங்கே 920 மெகாஹெர்ட்ஸ் பக்கம் மெஷ்டாஸ்டிக் (லோரா வழியே குறுஞ்செய்தி அனுப்பும் மென்பொருள்) ஓட்டுகிறார்களே 😀

கோப்பி_ஓ:
அதன் லாங்ஃபாஸ்ட் அமைப்பில் விநாடிக்கு ஏறக்குறைய 1 கிலோபிட். 5 எம்பி ரெப்போவுக்கு, அலைவரிசை முழுவதும் உங்களுக்கே கிடைத்தாலும், 11 மணி நேரம். மற்றவர்கள் திட்டுவார்கள். கமிட் ஹாஷ் (சேமித்த ஒரு மாற்றத்தின் அடையாளக் குறி) அனுப்ப வேண்டுமானால் சரி.

ரூட்டர் தடையைத் தாண்ட இரண்டு பேரும் யிக்டிராசில் (இணையத்தின் மேல் ஓடும் தனி வலையமைப்பு) போடுங்கள். ஒரே வைஃபையில் இருந்தால் அதுவே அண்டை நோடைக் கண்டுபிடிக்கும். ஜூரோங்குக்கும் தெம்பனீஸுக்கும் இடையில் அது நடக்காது, ஆகவே பொது பியர் (அந்த வலையில் சேர்த்துவிடும் பொதுக் கணினி) ஒன்றைக் கையால் சேருங்கள், தூரம் குறைந்ததாக. கணினிக்கு 200::/7 வரம்பில் ஓர் ஐபிவி6 முகவரி கிடைக்கும். அது உங்கள் சாவியிலிருந்தே பிறப்பதால் ரூட்டரை மாற்றினாலும் மாறாது. அப்புறம் ராடிக்கிள் கான்ஃபிக்கில் ‘லிசன்’ (வரும் இணைப்பை ஏற்கும் முகவரிப் பட்டியல்) காலியாக இருக்கிறதா பாருங்கள், இருந்தால் போர்ட் 8776-ஐச் சேருங்கள். ஃபயர்வாலில் அதை மட்டும் திறவுங்கள். யிக்டிராசில் வழியாக எவரும் உங்கள் கணினியின் கதவைத் தட்டலாம், ரூட்டர் காவல் அங்கே கிடையாது.

ஜூரோங்_வெஸ்ட்:
அலவ் போட்டதும் நேராக வரவில்லை. ‘ராட் நோடு கனெக்ட்’டில் என் நோடு ஐடியோடு யிக்டிராசில் முகவரியையும் கொடுத்த பிறகு குளோன் ஆகிவிட்டது. நன்றி அண்ணா. நான் லேப்டாப்பை மூடினால் அவருக்குப் புது கமிட் வராதே?

கோப்பி_ஓ:
வராது. வீட்டில் ராஸ்பெர்ரி பை இருந்தால் அதில் ஒரு நோடு ஓடட்டும். அதன் டிஐடியையும் அலவில் சேர்க்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் அதற்கும் இதே பிழைதான் வரும்.