ஹப் மோட்டாருக்குள்ள ஹால் சென்சார் ஒட்ட சூடு தாங்குற பசை எது?

அஸ்தம்பட்டிக்காரன்:
வணக்கம்ங்க. எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வச்சிருக்கேன், வேலை மேல வாரத்துல ரெண்டு தடவ ஏற்காடு போகணும். 20 கொண்டை ஊசி வளைவு, பின்னாடி மூட்டையும் இருக்கும், மெதுவா ஏறி மேல போய் சேரும்போது பின் சக்கரத்துக்குள்ளயே இருக்கிற ஹப் மோட்டார்ல கை வைக்க முடியாது அப்படி ஒரு சூடு. போன மாசம் பாதி மலையில வெட்டி வெட்டி இழுத்து நின்னே போச்சு. பிரிச்சுப் பாத்தா காந்தம் எங்க இருக்குன்னு கன்ட்ரோலருக்கு சொல்ற மூணு ஹால் சென்சார்ல ஒண்ணு ஸ்டேட்டர் (காயில் சுத்துன, சுழலாத பாகம்) காடிய விட்டு வெளிய வந்து காந்தத்துல உரசி நசுங்கி கெடக்கு. புதுசு வாங்கி இன்ஸ்டன்ட் கம் போட்டு ஒட்டுனேன், ரெண்டே ட்ரிப்ல மறுபடி ஆடுது. சூடு பாக்க ஒரு தெர்மிஸ்டரும் உள்ள வைக்கணும். என்ன பசை போடலாம்?

மலைப்பாதை:
சிலிக்கான் போடுங்க, 200 டிகிரி தாங்கும்.

காயில்கட்டி:
செவ்வாப்பேட்டையில வைண்டிங் கடைங்க நமக்கு. இன்ஸ்டன்ட் கம் 80 டிகிரி பக்கத்துலயே வலுவிழந்துரும், அதிர்வும் தாங்காது. அஞ்சு நிமிஷத்துல இறுகுற எபாக்சியும் சூட்டுல இளகிரும். வைண்டிங் கிளாஸ் எஃப்னா 155 டிகிரி வரைக்கும் இன்சுலேஷன் தாங்கும், பசையும் அதுக்கு ஈடா இருக்கணும், அதனால 150க்கு மேல தாங்கும்னு டப்பாவுல போட்டிருக்கிற ரெண்டு பாகம் எபாக்சிய வாங்குங்க. சிலிக்கான் சூடு தாங்கும்ங்கறது உண்மைதான், ஆனா வினிகர் வாசம் அடிக்கிற வகைய மட்டும் உள்ள விட்றாதீங்க, மூடுன மோட்டார்ல அந்த ஆசிட் ஆவி வெளிய போக வழியில்லாம காப்பர அரிக்கும். நியூட்ரல் வகைனா பரவால்ல.

பசைய விட முக்கியம் காடிய சுத்தம் பண்றது. பழைய பசைய சுரண்டி எடுத்துட்டு ஐபிஏ (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்) போட்டு தொடச்சு நல்லா காய விடுங்க. அசிட்டோன் வேண்டாம், கம்பி மேல இருக்கிற வார்னிஷ கெடுத்துரும். சென்சார் முகம் காந்தத்தப் பாத்து இருக்கணும், முகத்துல பசை மொத்தமா படியக்கூடாது, காடிய விட்டு துளிகூட வெளிய நீட்டக்கூடாது. ஒயரையும் நூல் போட்டு காயிலோட கட்டுங்க, ஒயர் ஆடி ஆடித்தான் பாதி சென்சார் கழண்டு வருது.

அஸ்தம்பட்டிக்காரன்:
ரொம்ப நன்றிண்ணா. தெர்மிஸ்டருக்கும் இதே எபாக்சியே போதுமா?

காயில்கட்டி:
போதும் தம்பி. ஆனா ஸ்டேட்டர் இரும்புல ஒட்டாதீங்க, காயில் தலைப்புல ரெண்டு கம்பிக்கு நடுவுல சொருகி கட்டிட்டு அதுக்கு மேல எபாக்சி விடுங்க. இடையில காத்து இடம் விட்டா சூடு லேட்டாத்தான் தெரியும். மூடுறதுக்கு முன்னாடி கன்ட்ரோலர்ல மாட்டி 5 வோல்ட் குடுத்து, சக்கரத்த கையால மெதுவா சுத்தி மூணு சென்சார் ஒயர்லயும் மீட்டர் வைங்க, 0க்கும் 5க்கும் மாறி மாறி காட்டணும். இறக்கத்துல ரீஜென் (மோட்டாரே பிரேக் மாதிரி இழுத்து பேட்டரிக்கு கரண்ட் அனுப்புறது) போட்டாலும் மோட்டார் சுடும், ஞாபகம் வச்சுக்கோங்க.

அஸ்தம்பட்டிக்காரன்:
சரிண்ணா. சனிக்கிழமை ராத்திரி ஒட்டிட்டு டப்பாவுல போட்ட நேரம் முடியற வரைக்கும் வண்டிய தொடமாட்டேன். மலை ஏறிட்டு எவ்ளோ டிகிரி காட்டுச்சுன்னு வந்து போடுறேன்.