முயலுக்குக் கீரையை மாற்றி மாற்றிக் கொடுத்தும் வயிற்றுக்கோளாறு: எதைக் கொடுக்கலாம், எவ்வளவு கொடுக்கலாம்?

கேட்டவர்: பாளை மாடிவீடு

வணக்கம். எங்கள் வீட்டில் எட்டு மாத வயதுடைய இரண்டு முயல்கள் வளர்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடை இருக்கும். வாசலுக்கு வரும் கீரைக்கார அம்மாவிடம் வாங்குவதில் பெரும்பங்கு அவற்றுக்கே போகிறது. ஒரே கீரையைத் தொடர்ந்து கொடுக்கக் கூடாது என்று சொன்னார்கள் என்பதால், அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை, தண்டுக்கீரை என்று நாளுக்கு ஒன்றாக மாற்றி, வாரக் கடைசியில் முருங்கைக்கீரையோ அகத்திக்கீரையோ கொடுத்து வருகிறேன். கீரையோடு கடையில் விற்கும் முயல் தீவனமும் கிண்ணத்தில் எப்போதும் இருக்கும். புல் கிடைப்பதில்லை.

அண்மைக்காலமாகச் சிறுநீர் காய்ந்த இடத்தில் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைப் படலம் படிகிறது. ஒரு முயலுக்கு மட்டும் புழுக்கை மென்மையாகிப் பின்னங்கால் முடியில் ஒட்டிக்கொள்கிறது. இரண்டும் நன்றாகத் தின்கின்றன, ஓடியாடுகின்றன. கீரையை அடியோடு நிறுத்திவிட வேண்டுமா? ஈரக் கீரையும் தண்ணீரும் முயலுக்கு ஆகாது என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள், அது உண்மையா?

பதில் 1: புல்கட்டு

கீரையை நிறுத்த வேண்டாம். ஆனால் நீங்கள் செய்துவரும் மாற்றம் பெயரளவில்தான் மாற்றமாக இருக்கிறது. அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை, தண்டுக்கீரை ஆகிய நான்கும் ஒரே தாவரப் பேரினத்தைச் சேர்ந்தவை. பாலக், பொன்னாங்கண்ணி, பீட்ரூட் இலை ஆகியவையும் அவற்றுக்கு நெருங்கிய உறவுதான். இவை எல்லாவற்றிலும் ஆக்சலேட் என்ற, கால்சியத்தோடு சேர்ந்து படியும் உப்பு கூடுதலாக இருக்கிறது. கீரையை மாற்றுவதன் நோக்கமே ஒரு குறிப்பிட்ட பொருள் உடலில் சேர்ந்துகொண்டே போகாமல் பார்த்துக்கொள்வதுதான் என்பதால், கீரையின் பெயர் மாறினால் போதாது, குடும்பமே மாற வேண்டும். ஒரு நாளைக்குரிய கீரையில் இந்த வகையிலிருந்து ஏதேனும் ஒன்று மட்டும், அதுவும் சிறு பங்காக இருக்கட்டும். மீதியைக் கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி இலை, கேரட் இலை, காலிஃப்ளவரைச் சுற்றியிருக்கும் இலை, துளசி ஆகியவற்றிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். முள்ளங்கி இலையையும் கேரட் இலையையும் காய்கறிக் கடைகளில் கிள்ளித்தான் எறிகிறார்கள். கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள்.

வெள்ளைப் படலத்துக்கு வருகிறேன். பெரும்பாலான பாலூட்டிகள் உணவிலுள்ள கால்சியத்தில் தேவையானதை மட்டும் குடலில் உறிஞ்சிக்கொள்ளும். சிறுநீரில் வெளியேறுவது 2 சதவீதத்துக்கும் குறைவு. முயலின் உடல் அப்படிப்பட்டதன்று. கிடைக்கும் கால்சியத்தில் பெரும்பகுதியை இரத்தத்தில் ஏற்றிக்கொண்டு, மிகுதியானதைச் சிறுநீரகம் வழியாக வெளியேற்றுகிறது. ஆகவே முயலின் சிறுநீர் ஓரளவு கலங்கலாக இருப்பதும் காய்ந்தபின் வெளுத்துத் தெரிவதும் இயல்பே. ஆனால் படலம் தடித்துக்கொண்டே போனாலோ, சிறுநீர் பசைபோல வந்தாலோ, கழிக்கும்போது முயல் முதுகைக் கூனிச் சிரமப்பட்டாலோ, சிறுநீர்ப்பையில் கால்சியம் வண்டலாகத் தங்கியிருக்கக் கூடும். அதை மருத்துவர்தான் படம் எடுத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்டு நெடுங்காலம் பயன்பாட்டில் இருந்த அட்டவணையின்படி, 100 கிராம் அகத்திக்கீரையில் 1130 மில்லிகிராம், முருங்கைக்கீரையில் 440, முளைக்கீரையில் 400க்குச் சற்றுக் குறைவு, கொத்தமல்லியில் 184 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. நமக்கு நல்லது என்று நாம் தேடி வாங்கும் அகத்தியும் முருங்கையும் வளர்ந்த முயலுக்கு எப்போதாவது ஒரு சிறு கொத்து என்ற அளவில் இருந்தால் போதும்.

ஒட்டிக்கொள்ளும் புழுக்கையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. முயல் இருவகையாகக் கழிக்கும். ஒன்று, நாம் கூண்டில் பார்க்கும் உலர்ந்த உருண்டைப் புழுக்கை. மற்றொன்று, பெருங்குடலின் தொடக்கத்திலுள்ள குடல்பையில் நொதித்து உருவாகும், பளபளப்பான, சிறுசிறு மணிகள் கொத்தாகச் சேர்ந்த மென்மையான கழிவு. புரதமும் பி வைட்டமின்களும் நிறைந்த இதை முயல் ஆசனவாயிலிருந்தே வாயால் எடுத்து விழுங்கிவிடுவதால் நாம் பொதுவாகப் பார்ப்பதில்லை. மாவுச்சத்தும் புரதமும் மிகுந்து நார்ச்சத்து குறைந்தால் இந்தக் கழிவு குழைந்துபோய், முயலால் எடுத்துத் தின்ன முடியாமல் முடியில் அப்பிக்கொள்ளும். எனவே உங்கள் முயலுக்கு இருக்கும் சிக்கல் கீரையை விடக் கிண்ணத்தில் ஓயாமல் கிடக்கும் தீவனத்தாலும் புல் இல்லாத குறையாலும் வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் உருண்டைப் புழுக்கையே நின்றுபோய், தண்ணீராகக் கழிந்தால் அது வேறு, அது அவசரம்.

முயலின் உணவில் ஐந்தில் நான்கு பங்கு புல்லாகவோ உலர்புல்லாகவோ இருக்க வேண்டும். தீவனத்தைச் சில நாட்களில் படிப்படியாகக் குறைத்து நாளுக்கு ஒரு பெரிய கரண்டி அளவுக்குக் கொண்டுவாருங்கள். கீரை காலையில் ஒரு கைப்பிடி, மாலையில் ஒரு கைப்பிடி என்றால் ஒன்றரைக் கிலோ முயலுக்குத் தாராளம். புதிய கீரை எதையும் முதல் நாள் ஓரிரு இலை மட்டும் கொடுத்து, மறுநாள் புழுக்கையைப் பார்த்துவிட்டுக் கூட்டுங்கள். இரண்டு புதிய கீரைகளை ஒரே நேரத்தில் தொடங்கினால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்கவே முடியாது.

பதில் 2: கொடைரோட்டுக்காரர்

மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். புல்லைப் பற்றியும் ஈரத்தைப் பற்றியும் மட்டும் சேர்க்கிறேன்.

மாடு வளர்ப்பவர்கள் பக்கத்தில் இருந்தால் கினியாப்புல், கொழுக்கட்டைப்புல், கம்பு நேப்பியர் ஆகியவற்றைக் கட்டாக வாங்கலாம். அறுகம்புல் பூக்கடைகளிலேயே கிடைக்கிறது. மிகுதியான புல்லை நிழலில் பரப்பி, பச்சை மணம் மாறாமல் உலர்த்தி வைத்தால் வாரக்கணக்கில் வரும். வைக்கோலில் சத்து மிகவும் குறைவு என்பதால் அது புல்லுக்கு மாற்றாகாது, படுக்கைக்கு உதவும். குதிரைமசால், வேலிமசால், முயல்மசால் போன்ற பயறுவகைத் தீவனங்களைப் பண்ணைகளில் கொடுப்பது விரைவில் எடை கூட வேண்டும் என்பதற்காகவும் குட்டி ஈனும் பெண்முயல்களுக்காகவும். வீட்டில் வளரும் பெரிய முயலுக்கு அவற்றில் புரதமும் கால்சியமும் அதிகம். தெருநாய்கள் திரியும் இடத்தில் புல் அறுக்காதீர்கள். நாயின் குடலில் வாழும் ஒருவகை நாடாப்புழுவின் முட்டைகள் புல் வழியாகவே முயலுக்குப் போகின்றன.

தண்ணீர் ஆகாது என்பது ஊரெங்கும் நிலைத்துவிட்ட தவறான நம்பிக்கை. முயலுக்கு எந்நேரமும் தண்ணீர் வேண்டும். சிறுநீரில் கால்சியம் தங்காமல் இருக்க அதுவே முதல் மருந்து. கழுவிய கீரையில் நீர்த்துளிகள் இருப்பதால் எந்தக் கேடும் இல்லை. கேடு வருவது, கட்டு அவிழ்க்காமல் ஈரத்தோடு குவித்து வைத்த கீரை உள்ளே சூடேறி நொதிக்கும்போதுதான். கட்டுக்குள் கையை நுழைத்துப் பாருங்கள்: வெதுவெதுப்பாக இருந்தாலோ, தண்டு வழுவழுத்தாலோ அது முயலுக்கு உதவாது. மழைக்காலத்தில் கூண்டின் தரையில் விழுந்து புழுக்கையோடு மிதிபட்ட கீரையால் இரத்தக்கழிச்சல் நோய்க் கிருமி பரவுகிறது. ஆகவே கீரையைத் தட்டில் வைக்காமல் கூண்டின் கம்பியில் உயரமாகக் கட்டித் தொங்கவிட்டு, மிஞ்சியதை அன்றே அகற்றுங்கள். ஓடும் நீரில் நன்றாக அலசினால் மண்ணும் மேலே படிந்த மருந்தில் ஒரு பகுதியும் போகும். செடிக்குள் ஊடுருவும் பூச்சிக்கொல்லி மஞ்சள், உப்பு எதிலும் போகாது என்பதால், கீரை எந்தத் தோட்டத்திலிருந்து வருகிறது, எப்போது மருந்து அடித்தார்கள் என்று அந்தக் கீரைக்கார அம்மாவிடமே கேட்டுக்கொள்வது நல்லது.

கேட்டவர்: பாளை மாடிவீடு

இருவருக்கும் மிக்க நன்றி. தெருமுனையில் சவுண்டல் மரம் இருக்கிறது. ஆடுகள் விரும்பித் தின்கின்றன. அந்தத் தழையையும் வீட்டில் மிஞ்சும் வெங்காயத்தாளையும் கொடுக்கலாமா?

பதில் 3: புல்கட்டு

இரண்டும் வேண்டாம். சவுண்டல் இலையிலுள்ள மிமோசின் என்ற நச்சு முயலுக்கு முடி உதிர்வையும் வளர்ச்சிக் குறைவையும் உண்டாக்கும். ஆட்டின் இரைப்பையில் அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் இருக்கக் கூடும் என்பதால், ஆடு தின்கிறது என்பதை எந்தத் தழைக்கும் சான்றாகக் கொள்ள முடியாது. வெங்காயத்தாளும் பூண்டுத்தாளும் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். மரவள்ளி இலை, தக்காளி, உருளைக்கிழங்குச் செடிகளின் இலை, எருக்கு, அரளி, தொட்டியில் வளரும் மணி பிளாண்ட் ஆகியவை முயலின் வாய்க்கு எட்டவே கூடாது.

பதில் 4: கால்நடைத்துறை ஓய்வு

ஒன்றை யாரும் இன்னும் சொல்லவில்லை. பின்புறம் அழுக்காக இருக்கும் முயலின் மீது ஈ முட்டையிட்டால், நம் ஊர் வெப்பத்தில் ஒரே நாளில் புழு வைத்துவிடும். அந்த முயலை முழுவதும் குளிப்பாட்டாமல், அப்பியிருக்கும் இடத்தை மட்டும் வெதுவெதுப்பான நீரில் நனைத்துத் துடைத்து, ஈரம் போக உலர்த்தி, காலையும் மாலையும் முடியை விலக்கித் தோலைப் பாருங்கள்.

முயலால் வாந்தி எடுக்க முடியாது. குடல் இயக்கம் நின்றால் வாயு கட்டி விரைவில் உயிருக்கு ஆபத்தாகிவிடும். பன்னிரண்டு மணி நேரம் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மருந்துக்கடையில் கேட்டு அமாக்ஸிசிலின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை வாய்வழியாகக் கொடுத்துவிடாதீர்கள்; அது குடல்பையிலுள்ள நல்ல நுண்ணுயிர்களை அழித்து முயலையே கொன்றுவிடக் கூடும். உங்களுக்கு இராமையன்பட்டியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம்தான். முயலைக் கொண்டு செல்லும்போது அன்று போட்ட புழுக்கையையும் தின்ற கீரையில் ஒரு கொத்தையும் தனித்தனி உறையில் எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.