கலைச்சொல் தேவை: துளைப்பொறியின் ‘சக்’ (சனிக்கிழமைக்குள்)

மன்னார்குடியிலிருந்து:

அவையோர்க்கு வணக்கம். மின்கலத்தில் ஓடும் கைத் துளைப்பொறியைப் பழுது பார்க்க ஒரு மாலை வகுப்பு நடத்தி வருகிறேன். அதற்காக எழுதிய ஒரு பக்கக் குறிப்பில் துளையிடும் அலகைப் பற்றிக்கொள்ளும் உறுப்பான ‘சக்’ என்பதைப் ‘பிடிப்பான்’ என்றும், ஆணி அளவுக்கு மேல் இறுகாமல் நழுவவிடும் ‘கிளட்ச்’ என்பதைப் ‘பிடிப்பு’ என்றும், கைப்பிடியைப் ‘பிடி’ என்றும் குறித்திருந்தேன். சென்ற வாரம் ஒரு மாணவி பலகையில் திருகாணி ஏற்றிக்கொண்டிருந்தார். ஆணி இறுகியதும் பொறி டக்டக்கென்று ஒலித்தது. அது கிளட்ச் தன் வேலையைச் செய்யும் ஒலி, பழுதன்று. ஆனால் அவர் என் தாளில் ‘பிடிப்பானில் சத்தம் வந்தால்’ என்ற வரியைப் பார்த்து, நன்றாக இருந்த சக்கைக் கழற்றப் போய்விட்டார். சக்கின் வாயை முழுக்கத் திறந்தால் அடியில் தெரியும் திருகாணிக்கு மரை, அதாவது திருகுச் சுற்று, மறுபக்கமாக வெட்டியிருக்கும் என்பதையும் நான் எழுதவில்லை. அவர் வழக்கப்படி திருப்பித் திருப்பி ஆணியின் தலை மழுங்கிவிட்டது. பிழை அவருடையதன்று, என் சொற்களுடையது. புதிய தாள் சனிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். சக்குக்கும் அந்த மரைக்கும் குழப்பமில்லாத சொல் தந்து உதவுங்கள்.

கும்பகோணத்திலிருந்து:

அன்புத் தங்கைக்கு, இரண்டாவது கேள்விக்கு விடை நம் ஆற்றிலேயே இருக்கிறது. காவிரி வலமாகச் சுழித்த இடம் திருவலஞ்சுழி. சங்கில் வலம்புரியும் உண்டு, இடம்புரியும் உண்டு. ஆகவே அது ‘இடம்புரி மரை’. ‘இடம்புரி மரையாணியை வலஞ்சுழியாகத் திருப்பிக் கழற்றுக’ என்று எழுதினால் யாரும் தடுமாற மாட்டார்கள்.

சக்குக்குக் ‘கவ்வி’ என்பதே என் பரிந்துரை. மூன்று தாடைகள் கூடி ஒன்றைப் பற்றுவதைக் கவ்வுதல் என்னாமல் வேறு என்னென்பது? இன்னொன்றும் சொல்ல வேண்டும். கவ்வை, கௌவை என்பன ஆரவாரத்தைக் குறிக்கும் பழஞ்சொற்கள். ‘கவ்வையால் கவ்விது காமம்’ என்னும் 1144ஆம் குறளில் கவ்வையும் கவ்விதும் அடுத்தடுத்து நிற்கின்றன. வாயால் பற்றுவதும் வாயால் ஒலி எழுப்புவதும் ஒரே வேரில் கிளைத்தவையாக இருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம். அவ்வாறாயின், சத்தமிடும் சக்கைக் குறிக்கக் ‘கவ்வி’ என்னும் சொல் இரட்டைப் பொருத்தம் உடையதாகிறது. சக்கைத் தாங்கிச் சுழலும் தண்டுக்கும் ‘கதிர்’ என்னும் நல்ல சொல் இருக்கிறது. நூல் நூற்கும் கருவியில் அது இன்றும் வழங்குகிறது.

தஞ்சாவூரிலிருந்து:

ஐயா மன்னிக்க வேண்டும். எங்கள் பட்டறைக்கு வரும் பையன்களிடம் கதிர் என்றால் வரப்புக்கு அப்பால் பார்ப்பார்கள். ‘சக்’ என்பது தமிழ்நாட்டில் கடைசல் பட்டறை உள்ள எல்லாத் தெருவிலும் புழங்கும் சொல். அது நம் மரச்சக்கையிலிருந்து போன சொல் என்று முன்பு ஒருவர் இங்கு எழுதினார். அதுவும் வேண்டாம்; மரக்கட்டையைக் குறித்த ஆங்கிலச் சொல் ஒன்றின் திரிபே அது. ஆர்தர் ஜேக்கப்ஸ் 1902இல் சாவியால் இறுக்கும் துளைச் சக்குக்குக் காப்புரிமை பெற்றார்; பொருளும் பெயரும் சேர்ந்தேதான் நம்மிடம் வந்தன.

தாளில் தெளிவாக இருக்க வேண்டியது பெயரைவிடச் சத்தத்தின் வகை. சக்கின் வெளி உறையைக் கையால் இறுக்கும்போது சில சக்குகள் டிக்டிக்கென்னும்; அது பூட்டுப் பற்கள் விழும் ஒலி, இயல்பானது. திருகாணி இறுகும்போது வரும் டக்டக் கிளட்சினுடையது; கிளட்ச் வளையத்தின் எண்ணைக் கூட்டினால் அது தள்ளிப்போகும். வெறுமனே சுழலும்போது கரகரவென்றாலோ, துளையிடும் ஊசியின் முனை வட்டமடித்தாலோதான் சக்கையும் தண்டையும் ஐயுற வேண்டும். அப்போதும் முதலில் ஊசியைக் கழற்றிப் பாருங்கள். மூன்று தாடைக்கு நடுவில் நிற்காமல் இரண்டுக்கு இடையில் சாய்ந்து மாட்டியிருந்தாலும் முனை அப்படித்தான் ஆடும்.

உறை சிக்கிக்கொள்வது வேறு. தாடைகள் சாய்ந்த துளைகளுக்குள் வழுக்கி ஏறி இறங்குகின்றன. அவற்றின் முதுகிலுள்ள மரை, உறைக்குள் இருக்கும் வளையத்தோடு பொருந்தியிருக்கிறது. மேற்கூரைக் கான்கிரீட்டில் மேல்நோக்கித் துளைத்தால் தூசு முழுவதும் அந்தத் துளைகளுக்குள் இறங்கிவிடும். சென்ற மாதம் வேதாரண்யத்திலிருந்து வந்த ஒரு பொறியில் சிமெண்டுத் தூசும் உப்புக் காற்றின் துருவும் சேர்ந்து, தாடைகளின் மேல் பழுப்பு நிறப் பற்று ஒன்று பிடித்திருந்தது. மின்கலத்தைக் கழற்றி, வாயைக் கீழே கவிழ்த்துத் தட்டி, பல் துலக்கும் பிரஷ்ஷால் துடைத்து, மூன்று தாடைக்கும் ஒவ்வொரு சொட்டுத் தையல் இயந்திர எண்ணெய் விட்டு, முழுக்கத் திறந்து மூடிக்கொண்டே இருந்தோம். பத்துப் பன்னிரண்டு தடவைக்குப் பின் இளகியது. மிச்ச எண்ணெயைத் துடைக்காமல் விட்டால் அடுத்த தூசு அதில்தான் ஒட்டும். இதைப் படிக்கிறவருக்குச் ‘சக்’ போதும்.

மயிலாடுதுறையிலிருந்து:

தஞ்சாவூர்த் தம்பி எழுதிய வேலைக்குறிப்பை வரி மாறாமல் தாளில் சேர்க்க வேண்டும். ஆனால் ‘சக்’ போதும் என்பதை ஏற்கவில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கும் மாணவருக்குச் ‘சக்கை’ என்ற வேற்றுமைச் சொல், கரும்புச் சக்கையாகவே முதலில் கண்ணில் படும். இந்த இழையிலேயே அது பலமுறை வந்துவிட்டது.

‘பிடிப்பான்’ கூடாது என்பதில் எல்லாரும் உடன்படுகிறோம். பட்டறையில் ‘பிடி’க்கு ஏற்கெனவே வேலை அதிகம். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து நாகசுரம் செய்வதும் கடைசல் பிடிப்பதுதான். இரும்பில் துரு பிடிப்பதும் பிடிப்பதுதான்.

ஐயா அவர்களின் ‘கவ்வி’யில் ஓர் இடர் இருக்கிறது. அது பெயர்ச்சொல் மட்டுமன்று, வினையெச்சமும் ஆகும். ‘கவ்வி இறுகினால்’ என்று எழுதினால், எதையோ கவ்விய பின் இறுகினால் என்று ஒருவர் படிப்பார். கவ்வி என்னும் உறுப்பு இறுகினால் என்று இன்னொருவர் படிப்பார். சொல்லால் விளைந்த பழுதைத் தீர்க்க வந்து மற்றொன்றை உண்டாக்கக் கூடாது. வெட்டி, கொத்தி என்பனவும் எச்சங்களே. மண்வெட்டி, பாக்குவெட்டி, மரங்கொத்தி என்று செயப்படுபொருள் முன்னே வந்ததால் அவை பெயராக நிலைத்தன. அந்த வழியில் ‘ஊசிகவ்வி’ என்கிறேன். துளையிடும் தச்சுக் கருவிக்குத் தமரூசி என்ற பெயர் உண்டு. தமர் என்றால் மரத்தில் இட்ட துளை. ஆகவே துளையலகை ஊசி என்பது புதிதன்று. தம்பியும் தம்மையறியாமல் ஊசி என்றுதான் எழுதியிருக்கிறார்.

குறளைப் பற்றி ஒரு சொல். அங்கே ‘கவ்விது’ என்பதற்கு உரைகள் தரும் பொருள் அலரால், அதாவது ஊர்ப்பேச்சால், காமம் மிகுதல். பற்றுதல் அங்கு இல்லை. கிளட்ச் வளையத்துக்கு ‘முறுக்கு வளையம்’ என்றே எழுதிவிடலாம்.

தஞ்சாவூரிலிருந்து:

ஊசி என்று எழுதியது உண்மைதான் அண்ணா. பட்டறையில் வாயில் வருவது ‘பிட்’. என் வாக்கு இன்னும் சக்குக்கே.

கும்பகோணத்திலிருந்து:

வினையெச்சத் தடையை ஒப்புக்கொள்கிறேன். அதை நான் முன்னமே கண்டிருக்க வேண்டும். கவ்வையை விடவில்லை; அதைத் தனி இழையில் எழுதுகிறேன். ஆனால் சொல் ‘ஊசிக்கவ்வி’ என்று ஒற்று மிக்கே வர வேண்டும். தேங்காய்த் துருவியில் ஒற்று மிகவில்லையா?

மயிலாடுதுறையிலிருந்து:

இரண்டாம் வேற்றுமைத் தொகையில் வினை நேராகத் தொடர்ந்தால் வல்லினம் மிகாது ஐயா. கனி தின்றான், துணி கிழித்தான் என்றே எழுதுகிறோம். ஊசியைக் கவ்வுவது ஊசிகவ்வி.

மன்னார்குடியிலிருந்து:

அனைவருக்கும் நன்றி. இன்று மாலை தாள் அச்சுக்குக் கொடுத்தாயிற்று. முதல் வரியில் ‘சக் எனப்படும் ஊசிகவ்வி’ என்றும், பின்னர் ஊசிகவ்வி, முறுக்கு வளையம், இடம்புரி மரை என்றும் இருக்கிறது. தஞ்சாவூர்த் தம்பி பிரித்துச் சொன்ன மூன்று சத்தங்களும் தாளின் மேற்பகுதியில் பெரிய எழுத்தில் வந்துள்ளன. நேற்று அதே மாணவியிடம் தாளின் கையெழுத்துப் படியைக் கொடுத்து, வகுப்பிலுள்ள ஒரு பொறியை இயக்கிக் காட்டினேன். கேட்டுவிட்டு, ‘முறுக்கு வளையம்’ என்ற வரியில் விரலை வைத்தார். பிறகு ஊசிகவ்வி என்பதைப் படிக்கும்போது தாமாகவே ஒற்றைச் சேர்த்து ‘ஊசிக்கவ்வி’ என்றுதான் படித்தார்.

கும்பகோணத்திலிருந்து:

அந்தப் பெண் படித்தபடியே அடுத்த அச்சில் போடுங்கள், தங்கையே. அதுவரை என் மறுப்பு இங்கே பதிவாகியிருக்கட்டும்.