நோஸ் வீலில் எத்தனை கிலோ? சிறு விமானம் தரையில் படுத்தும் பாடு

(சிறு விமானத்தின் எடைச் சமநிலை பற்றிப் பலர் அடுத்தடுத்து எழுதிய குறிப்புகள் இவை; ஒவ்வொரு நட்சத்திர வரிசைக்குப் பின்னும் வேறு ஆள் பேசுகிறார்.)

பறக்கும் முன் எடைக் கணக்குத் தாளில் எடை மையப் புள்ளி அனுமதித்த கட்டத்துக்குள் விழுந்துவிட்டால் வேலை முடிந்தது என்று தாளை மடித்து வைத்துவிடுகிறோம். அந்தக் கட்டம் பெரும்பாலும் பறப்பதற்காகப் போட்டது. தரையில் விமானம் சொன்னபடி கேட்குமா என்று தெரிய வேண்டுமானால் வேறொரு கேள்வி கேட்க வேண்டும்: நோஸ் வீல், அதாவது மூக்குக்கு அடியில் இருக்கும் முன் சக்கரத்தின் மேல் எத்தனை கிலோ உட்கார்ந்திருக்கிறது?

கணக்கு சின்னதுதான். மெயின் வீல் (இரு பக்கமும் இருக்கும் முக்கியச் சக்கரங்கள்) அச்சிலிருந்து எடை மையம், அதாவது சி.ஜி., எவ்வளவு முன்னால் இருக்கிறதோ அதை நோஸ் வீலுக்கும் மெயின் வீலுக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, மொத்த எடையால் பெருக்குங்கள். உதாரணத்துக்கு 1000 கிலோ விமானம், சக்கர இடைவெளி 1.6 மீட்டர், சி.ஜி. அச்சுக்கு 20 செ.மீ. முன்னால் என்று வைத்துக்கொள்வோம். நோஸ் வீலில் 125 கிலோ, அதாவது 12.5 சதவீதம். இப்போது முன் சீட்டில் இருந்த 70 கிலோ ஆளை 1.4 மீட்டர் பின்னால் உட்கார வைத்தால் சி.ஜி. ஏறக்குறைய 10 செ.மீ. பின்னே போகும். நோஸ் வீலில் மிச்சம் 63 கிலோ. சி.ஜி. நகர்ந்தது அரைச் சாண், ஸ்டியரிங் பிடிப்போ பாதியாகிவிட்டது. வடிவமைப்பாளர்கள் பொதுவாக 8 முதல் 15 சதவீதம் நோஸ் வீலில் இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். அதற்குக் கீழே போனால் பெடலை மிதித்தாலும் சக்கரம் திரும்புமே தவிர மூக்கு திரும்பாது. ஈரப் புல்லிலும், டாக்ஸிவே (ஓடுதளத்துக்குப் போகும் தரைப் பாதை) பெயிண்ட் கோட்டின் மேலும் இது பளிச்சென்று தெரியும். பக்கக் காற்று இருந்தால் இன்னும் மோசம். காற்று வாலைத் தள்ள, மூக்கைப் பிடித்துவைக்க ஆள் இல்லை.

* * *

முதலில் எழுதிய சார் சொன்ன கணக்கோடு, செஸ்னா 172 என்ற சிறு விமானத்துக்கு ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதன் நோஸ் ஸ்ட்ரட் (காற்றும் ஆயிலும் அடைத்த, அதிர்வு தாங்கும் முன் சக்கரக் கால்) முழுதாக நீண்டுவிட்டால் உள்ளே இருக்கும் கேம் என்ற பூட்டுத் துண்டு, சக்கரத்தை நேராகப் பிடித்துக்கொள்ளும். பறக்கும்போது அது தேவை. பின்பக்கம் பாரம் ஏறி மூக்கு லேசாகிவிட்டால் தரையிலும் அந்த நிலையை நெருங்கும், பெடல் மரத்துப்போனதுபோல இருக்கும். ஸ்ட்ரட்டில் காற்று அளவுக்கு மீறி அடித்திருந்தாலும் அறிகுறி இதேதான். அதனால் பாரத்தைக் குறை சொல்லும் முன் ஸ்ட்ரட்டைப் பாருங்கள். 172எஸ் மாடலுக்கு ஸ்ட்ரட் காற்றழுத்தம் 45 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு பவுண்டு), நோஸ் டயர் 45, மெயின் டயர் 42. ஸ்ட்ரட் காற்றழுத்தத்தைப் பாரம் இல்லாமல் மூக்கைத் தூக்கி வைத்துத்தான் சரிபார்க்க வேண்டும்.

மூக்கு தாழ்ந்து நிற்கிறதே என்று காற்றை மட்டும் அடிப்பது இன்னொரு தப்பு. ஆயில் கசிந்து குறைந்திருந்தால் காற்று தூக்கி நிறுத்துமே ஒழிய அதிர்வை அடக்காது. டாக்ஸி போகும்போது, அதாவது தரையில் ஓடும்போது, மூக்கு தலையாட்டும். தலையாட்டும் மூக்குக்கு முன்னால் சுற்றுவது புரொப்பெல்லர் என்பதை மறக்கக் கூடாது.

172-இல் பெடல் மட்டும் கொடுத்தால் நோஸ் வீல் இருபக்கமும் 10 டிகிரி போகும், ஒருபக்க பிரேக்கும் சேர்ந்தால் 30 டிகிரி. மூக்கு லேசான விமானத்தில் பழகுகிறவர்கள் தங்களை அறியாமலே எல்லாத் திருப்பத்துக்கும் பிரேக் பிடிப்பார்கள். ஒரு பக்கத்து பிரேக் பேட் மட்டும் சீக்கிரம் தேய்ந்தால் இதையும் சந்தேகியுங்கள். டயமண்ட் டிஏ40, சிர்ரஸ் மாதிரி நோஸ் வீல் பெடலோடு இணைப்பில்லாமல் தானாகத் திரும்பும் விமானங்களில் திருப்புவதே பிரேக்தான். அங்கே கதை தலைகீழ்: முன்பாரம் கூடினால் பிரேக்கை இன்னும் அழுத்த வேண்டியிருக்கும், நீண்ட டாக்ஸியில் டிஸ்க் சூடேறும்.

* * *

பிரேக் என்றதும் ஒன்று. நிற்கும்போது இருக்கும் 125 கிலோ ஓடும்போது அப்படியே இருக்காது. சி.ஜி. தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் இருக்கிற அதே விமானத்தில் 0.2 ஜி (புவியீர்ப்பில் ஐந்தில் ஒரு பங்கு) அளவுக்குப் பிரேக் பிடித்தால் இன்னொரு 125 கிலோ நோஸ் வீலுக்கு வந்து சேரும். மொத்தம் 250. முன் சீட்டில் இரண்டு பருமனான ஆட்கள், பின்னால் யாருமில்லை, டயரில் காற்று குறைவு, வழியில் ஒரு பள்ளம் என்று எல்லாம் ஒன்றுகூடினால் புரொப்பெல்லர் நுனி தரையைத் தொட அதிக தூரம் இல்லை. அமெரிக்கச் சான்றிதழ் விதிகளில் நோஸ் வீல் விமானத்துக்குக் குறைந்தது 18 செ.மீ. இடைவெளி கேட்டார்கள், டெயில் வீல் விமானத்துக்கு (மூன்றாம் சக்கரம் வாலுக்கு அடியில் இருப்பது) 23 செ.மீ. அது சமதளத்தில் நிற்கும்போது உள்ள அளவு. ஜல்லி கிடக்கும் இடத்தில் கல்லை உறிஞ்ச நுனி தரையைத் தொட வேண்டியதே இல்லை.

ரன்-அப் (கிளம்பும் முன் இன்ஜினை முறுக்கிச் சோதிப்பது) சமயத்திலும் புரொப்பெல்லர் இழுப்பு மூக்கைக் கீழே அழுத்தும். யோக்கை, அதாவது மூக்கை ஏற்றி இறக்கும் கைப்பிடியை, பின்னால் இழுத்துப் பிடிப்பது அதற்காகத்தான், சும்மா சம்பிரதாயம் அல்ல.

இறங்கிய பிறகு யோக்கை முன்னால் தள்ளுகிறவர்கள் இதை அனுபவத்தில் கண்டிருப்பார்கள்: மெயின் வீல்கள் லேசாகி, விமானம் நோஸ் வீலை அச்சாக வைத்துத் தள்ளுவண்டிபோல் சுழலப் பார்க்கும். முன் சி.ஜி.யில் இது சுலபமாக வரும். தள்ளுவதை விட்டால் போதும், எடை மெயினுக்குத் திரும்பிவிடும். நோஸ் வீல் கிடுகிடுவென உதறினாலும் முதல் மருந்து யோக்கைப் பின்னால் இழுப்பதே. அதற்கப்புறம் டார்க் லிங்க் (ஸ்ட்ரட்டின் கத்தரி இணைப்பு) ஆட்டம், டேம்பர் (உதறல் அடக்கி), டயர் சமன் எல்லாம் பாருங்கள்.

* * *

டெயில் வீல் பக்கம் யாரும் வரவில்லையே! அங்கே சி.ஜி. மெயின் வீலுக்குப் பின்னால் இருப்பதால் குணமே மாறிவிடுகிறது. நோஸ் வீல் விமானம் கொஞ்சம் கோணினாலும் சி.ஜி. அதை நேராக்கும். டெயில் வீல் விமானத்தில் கோணல் தானாகவே வளரும். டயர்கள் தரையைப் பிடித்துக்கொள்ள, பின்னால் இருக்கும் எடை வெளிப்பக்கம் தள்ளும். ஒரே வளைவில் வேகம் இரண்டு மடங்கானால் அந்தத் தள்ளல் நான்கு மடங்கு. பின் சீட்டிலும் சாமான் அறையிலும் பாரம் ஏற ஏற அச்சுக்கும் சி.ஜி.க்கும் உள்ள தூரம் நீளும், கிரவுண்ட் லூப் (தரையிலேயே விமானம் சுழன்றுவிடுவது) தொடங்கினால் நிறுத்த அவ்வளவு அதிக பெடல் வேண்டும். மூக்கு ஒரு விரற்கடை நகரும்போதே எதிர்ப் பெடல் கொடுத்து உடனே எடுத்துவிட வேண்டும். கால் தூங்கினால் தீர்ந்தது.

முன்பாரம் மட்டும் நல்லதா என்றால் அதுவும் இல்லை. வால் லேசாகி, பிரேக்கில் மூக்குக் குத்தும். வால் தூக்கிய நிலையில், அச்சிலிருந்து சி.ஜி.க்கு இழுக்கும் கோடு செங்குத்திலிருந்து 16 முதல் 25 டிகிரி பின்னால் சாய்ந்திருக்க வேண்டும் என்பது வடிவமைப்பில் வழக்கமான அளவு. பைப்பர் ஜே-3 கப்பைத் தனியாக ஓட்டும்போது பின் சீட்டில் உட்காரச் சொல்வதும் சி.ஜி. கணக்குதான். பின்காற்றில் டாக்ஸி செய்தால் ஸ்டிக் (யோக்குக்குப் பதிலான கட்டுப்பாட்டுக் கோல்) முன்னால், எதிர்காற்றில் பின்னால்.

* * *

ஏற்றும் வரிசை பற்றி யாராவது சொல்வார்கள் என்று பார்த்தேன். 700 கிலோ காலி விமானம், நோஸ் வீல் வகை, சி.ஜி. மெயின் வீல் அச்சுக்கு 20 செ.மீ. முன்னால். அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் 117 கிலோ ஏறினால் வால் தரையில் உட்கார்ந்துவிடும். 5 மீட்டர் பின்னால், வாலில், 28 கிலோவே போதும். கையால் திருப்பும்போது வால் கூம்பை அழுத்தினால் மூக்கு எழும்புவது இதனால்தான். அழுத்துவது கூம்பில் மட்டும், ஸ்டெபிலைசரில் (வாலின் சிறு இறக்கை) கை வைத்தால் தகடு நெளியும். வாலில் பனி படிந்தாலும் இதே கதை. ஆகவே முன் சீட்டு முதலில், பின் சீட்டும் சாமானும் பிறகு. இறங்கும்போது தலைகீழ் வரிசை. செஸ்னா 208-இல் சரக்கு ஏற்றும்போது வாலுக்கு அடியில் முட்டு வைப்பார்கள், எடுக்க மறந்துவிடாதீர்கள்.

பக்கவாட்டுச் சமனும் உண்டு. பைப்பர் ஆர்ச்சரில் ஒரு பக்க எரிபொருள் டாங்க் நிறைந்து மறுபக்கம் வற்றினால் ஏறத்தாழ 65 கிலோ வித்தியாசம். கனமான பக்கத்து ஸ்ட்ரட் அமுங்கி இறக்கை தாழும், விமானம் லேசாக அந்தப் பக்கமே இழுக்கும். செஸ்னாவைச் சரிவில் நிறுத்தினால் எரிபொருள் தாழ்ந்த டாங்குக்கு வடியும், எந்த டாங்க் என்று தேர்ந்தெடுக்கும் செலக்டரை இடது அல்லது வலதில் வைத்துவிட்டுப் போங்கள்.

* * *

தம்பி, அந்த 20 செ.மீ. எங்கிருந்து வந்தது என்பதையும் பாருங்கள். விமானத்தை எடை போடும்போது பார்க்கிங் பிரேக் போட்டிருந்தால் சக்கரங்கள் பக்கவாட்டில் இறுகித் தராசு தப்பாகக் காட்டும். ஹேங்கர் கதவு திறந்திருந்தால் காற்று இறக்கையைத் தூக்கும். லெவல், அதாவது விமானம் மட்டமாக நிற்பது, சரியாக இல்லாவிட்டால் சி.ஜி. பல மில்லிமீட்டர் தள்ளி விழும். லெவல் பார்க்க நோஸ் ஸ்ட்ரட்டில் காற்றை இறக்கியிருந்தால், முடிந்ததும் திரும்ப அடித்து உரிய அழுத்தத்துக்குக் (172எஸ் என்றால் 45 பி.எஸ்.ஐ.) கொண்டுவாருங்கள்.