வெளிநாட்டில் உங்கள் முதல் டிசம்பர் வருகிறதா? கடைக்கு ஓடுவதற்கு முன் இதை வாசியுங்கள்

போன கிழமை களுவாஞ்சிகுடியில் இருந்து கனடாவுக்கு வந்து நாலு மாதம்கூட ஆகாத ஒரு தங்கச்சி கேட்டிருந்தார், பிள்ளையின் டீச்சருக்கு, பக்கத்து வீட்டு அம்மாவுக்கு, பேப்பர் எல்லாம் நிரப்பித் தந்த அண்ணாவுக்கு என்று கிறிஸ்மஸுக்கு எல்லோருக்கும் ஏதாவது கொடுக்க வேண்டுமாமே, வேலையும் இன்னும் கிடைக்கவில்லை, என்ன செய்வது என்று. அவருக்கு இரண்டு வரியில் பதில் போட்டேன், மனம் ஆறவில்லை. அதனால் அதிகம் செலவில்லாமல் கையால் செய்யும் பரிசுகளைப் பற்றி நீட்டி எழுதுகிறேன், மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் இருந்து புதிதாக வந்த மற்றவர்களுக்கும் உதவும்.

கிரெடிட் காட்டில் வாங்காதீர்கள். நான் கனடாவுக்கு வந்த முதல் டிசம்பரில் அதைத்தான் செய்தேன். வாசனை மெழுகுதிரி, சொக்லேட் பெட்டி என்று நாலு பேருக்கு நூறு டொலருக்கு மேல் போய்விட்டது, அடுத்த மாதம் பஸ்ஸுக்கு மச்சாளிடம் கைநீட்டினேன். அடுத்த வருடம் காசே இல்லை, மாவில் ஒரு மீன் செய்து மகளின் டீச்சருக்குக் கொடுத்தேன். அந்த மீன் பல வருடம் அந்த டீச்சரின் ஜன்னலில் தொங்கியது.

மீன் ஏன் என்று நம் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் இங்கே உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டும், பரிசின் பாதிப் பெறுமதி அதில்தான் இருக்கிறது. ஒரு சின்ன அட்டையில் மூன்று வரி எழுதிக் கட்டுங்கள்: எங்கள் ஊரான மட்டக்களப்பில் ஒரு வாவி இருக்கிறது, பூரணை இரவில் கல்லடிப் பாலத்துக்குக் கீழே தோணியில் போய், துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு அதன் மறுமுனையில் காதை வைத்தால் பாட்டுப் போல ஒரு ஒலி கேட்கும், சிலர் அதை மீன் என்பார்கள், சிலர் ஊரி (சங்கு போல ஓடுள்ள சிறு உயிர்) என்பார்கள். இவ்வளவுதான். என் மகள் அந்த வகுப்பில் மூன்று மாதமாக வாயே திறக்காதவள். டீச்சர் அட்டையை வாசித்துவிட்டு, இதைப் பற்றி எல்லோருக்கும் சொல்லு என்று அவளை முன்னால் கூப்பிட்டிருக்கிறார். அன்றைக்குத்தான் அவள் அங்கே முதன்முதலாகப் பேசினாள்.

சரி, செய்முறைக்கு வருவோம். கோதுமை மா இரண்டு கப், தூள் உப்பு ஒரு கப், வெதுவெதுப்பான தண்ணீர் முக்காலில் இருந்து ஒரு கப் வரை. தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, ரொட்டிக்குக் குழைப்பதைவிடச் சற்று இறுக்கமாகக் குழைக்க வேண்டும், கையில் ஒட்டினால் மா போதாது, வெடித்தால் தண்ணீர் போதாது. கடையில் மா எடுக்கும்போது பக்கெற்றைப் பாருங்கள், தானாகப் பொங்குகிற மா என்று ஒன்று இருக்கிறது, அதை எடுத்தால் மீன் வீங்கிவிடும். அரை சென்ரிமீற்றர் தடிப்பில் தட்டி, மட்டையில் வெட்டிய மீன் உருவத்தை மேலே வைத்துக் கத்தியால் சுற்றி வெட்டுங்கள். செதிலுக்குத் தேக்கரண்டியின் நுனியை வரிசையாக அழுத்தினால் போதும், கண்ணுக்குப் பேனை மூடி. நூல் கோக்கும் ஓட்டையை ஸ்ட்ரோவால் இப்போதே போட்டுவிடுங்கள், காய்ந்த பிறகு போட்டால் உடையும்.

இங்கே ஓவன் பாரன்ஹீட்டில்தான் இருக்கும், 250 வையுங்கள், அது கிட்டத்தட்ட 120 செல்சியஸ். இரண்டு மணித்தியாலத்தில் இருந்து மூன்று வரை எடுக்கும், நடுவில் ஒருதரம் திருப்பிப் போட வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் குமிழ் விட்டுக் கருகும். நன்றாக ஆறியதும் பிள்ளைகளைக் கொண்டு நிறம் தீட்டி, அதற்கு மேல் நிறமில்லாத நகப்பூச்சு இரண்டு தரம் பூசினால் ஈரம் ஏறாது. ஒன்றை மறக்காதீர்கள்: இதில் உப்பு நிறைய இருக்கிறது, நாய் தின்றால் அதற்குப் பெரிய ஆபத்து. இங்கே பல வீடுகளில் நாய் இருக்கும், கொடுக்கும்போதே உயரத்தில் தொங்கவிடச் சொல்லுங்கள்.

அடுத்தது பெட்டி. எங்கள் அம்மம்மா திண்ணையில் கால் நீட்டி இருந்து ஓலையை வார்ந்து பெட்டி இழைப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான், ஆனால் ஊரில் இருந்தவரை ஒரு பெட்டிகூட இழைத்ததில்லை. பனிக்குள் வந்து அடைபட்ட பிறகுதான் கை அதைத் தேடியது. ஓலைக்கு எங்கே போவது, தமிழ்க் கடைகளில் இனாமாகத் தரும் பெரிய கலண்டர் தாள் போதும், வழுவழுப்பும் தடிப்பும் சரியாக இருக்கும். சாமிப் படம் உள்ள தாளை வெட்ட எனக்கு மனம் வராது, அதை எடுத்து வைத்துவிடுவேன்.

4 சென்ரிமீற்றர் அகலம், 36 நீளத்தில் பன்னிரண்டு கீற்று வெட்டி, இரண்டு ஓரத்தையும் நடுவுக்கு மடித்தால் 2 அகலத்தில் உறுதியான கீற்று வரும். ஆறை நெடுக்காக வைத்து, ஆறைக் குறுக்காக மேலே ஒன்று கீழே ஒன்று என்று விட்டுப் பின்னுங்கள், பாய் மாதிரித்தான். 12 சென்ரிமீற்றர் பக்கமுள்ள சதுரம் ஒன்று பெட்டியின் அடிப்பாகமாக வரும். அதை நடுவில் வைத்து நாலு பக்கமும் கீற்றுகளை நிமிர்த்தி மடித்து, அதேபோல மடித்து 52 சென்ரிமீற்றர் நீளம் வர ஒட்டிய நாலு கீற்றை ஒவ்வொன்றாகச் சுற்றிப் பின்னி முனைகளை ஒட்டுங்கள். ஒரு சுற்று மேலே போன இடத்தில் அடுத்த சுற்று கீழே போக வேண்டும். மிஞ்சுகிற நுனிகளை உள்ளே மடித்துச் செருகினால் முடிந்தது. முதல் பெட்டி கோணலாகத்தான் வரும், மூன்றாவது நேராக வரும். முதல் சுற்றை உடுப்புக் காயப்போடும் கிளிப்பால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒரு பக்கம் பின்ன மறுபக்கம் கழன்றுவிடும்.

உள்ளே என்ன வைப்பது? பால் டொபி, எள்ளுருண்டை என்று மனம் போகும், எனக்கும் போனது. ஆனால் இங்கே கஜு, நிலக்கடலை, எள்ளு மூன்றும் பலருக்கு ஒவ்வாமை, பல பள்ளிக்கூடங்களில் கடலை வகை உள்ளே விடமாட்டார்கள். கேட்காமல் கொடுக்காதீர்கள். ஊரில் இருந்து கொண்டுவந்த தேயிலைப் பக்கெற், இரண்டு மூன்று கறுவாச் சுருள் போதும். இங்கே கடைகளில் விற்கும் கறுவாப்பட்டை பெரும்பாலும் வேறு வகை, தடிப்பாக, காரமாக இருக்கும். நம்முடையது மெல்லிய சுருள். என் பக்கத்து வீட்டு அம்மா முதல்முறை மணந்து பார்த்துவிட்டு, இது என்ன என்று படியிலேயே நின்று கேட்டார், பிறகு உள்ளே கூப்பிட்டுத் தேநீர் போட்டுத் தந்தார். மட்டக்களப்பார் ஆட்களைப் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று சொல்வார்கள், அந்த அம்மாவோடு அன்றைக்கு ஒட்டியதுதான், இன்றுவரை பிள்ளைகளை நம்பி விட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன்.

ஊரில் இருந்து கொண்டுவந்த பயணப் பெட்டியில் மருதமுனைக் கைத்தறித் துண்டு கிடந்தால் எறியாதீர்கள். இரண்டு பக்கம் கையால் தைத்து வாயில் கயிறு கோத்தால் சுருக்குப் பை, தேயிலையை அதற்குள்ளேயே போடலாம்.

இன்னும் இரண்டு மூன்று விஷயம். குன்றிமணி அழகாக இருக்கும் என்று மாலை, வளையல் செய்து பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம், அதைக் கடித்தால் கடும் நஞ்சு. காற்றில் காயவைத்த களிமண்ணில் அகல்விளக்குச் செய்தால் எண்ணெய் ஊற்றி ஏற்றாதீர்கள், சுடாத மண் எண்ணெயைக் குடித்துவிடும், பற்றரி விளக்கை வையுங்கள். அவுஸ்திரேலியா, நியூசிலாந்துக்குப் போனவர்கள், ஊரில் இருந்து ஓலைப் பெட்டி, பன்புல் பாய், விதை கோத்த மாலை கொண்டுவந்தால் விமான நிலையத்தில் கட்டாயம் அறிவியுங்கள், மறைத்தால் தண்டப் பணம்.

தங்கச்சி, உங்களுக்கு இன்னும் இரண்டு கிழமை இருக்கிறது. இந்தச் சனிக்கிழமை மாவைக் குழைத்து ஆறு மீன் வெட்டி வையுங்கள், ஒன்று இரண்டு உடைந்தாலும் நாலு மிஞ்சும். நான் வெட்டும் மீன் உருவத்தைத் தாளில் வரைந்து வைத்திருக்கிறேன், கேட்டால் படம் எடுத்துப் போடுகிறேன்.