பாம்புக் கட்டடம்: முதல் குளிர்காலத்துக்குப் பிந்தைய புதுப்பிப்பு

இங்கிலாந்தில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில், 4 மீட்டர் நீளமுள்ள இரண்டு பர்மிய மலைப்பாம்புகளுக்கெனத் தனிக் கட்டடம் எழுப்பப்போவதாகச் சென்ற ஆண்டு எழுதியிருந்தேன். அது முடிந்து, முதல் குளிர்காலமும் கடந்துவிட்டது.

அறை முழுவதையும் 26 டிகிரி செல்சியஸில் வைத்து, கூண்டின் ஒரு மூலையை மட்டும் தெர்மோஸ்டாட் (வெப்பநிலையைத் தானே கட்டுப்படுத்தும் கருவி) உதவியுடன் 32 வரை உயர்த்துவதே சிக்கனம் என்ற என் கணிப்பு பொய்க்கவில்லை. ஆனால் ஈரத்தைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன்: வெப்பக்காப்புப் பலகையின் உட்புறம் நீராவித் தடுப்புத் தாள் ஒட்டாமல் விட்ட ஒரே சுவரில், ஜனவரியில் ஒட்டுப்பலகையைப் பெயர்த்தபோது, பின்புறமெங்கும் கரும்பூஞ்சை படர்ந்திருந்தது, விரலால் அழுத்தினால் பலகை உள்வாங்கியது. சோம்பலுக்குக் கிடைத்த கூலி. அச்சுவரை முழுவதும் பிரித்து மீண்டும் அமைத்தேன்.

இரட்டைக் கதவும் பூட்டும் சரியாகவே உள்ளன. கூண்டைத் திறக்கும்போது இருவர் இருக்க வேண்டும் என்பது வீட்டு விதி. அதற்காக இரவில் அழைக்கப்படும் என் மனைவியின் அலுப்பை இங்கே விவரிக்கப்போவதில்லை.