ஸ்மார்ட் மீட்டர்: கேட்டது யார், காசு யாருடையது?

மாம்பலத்துக்காரர்:
கரண்ட் ரீடிங்கைத் தானே அனுப்பும் ஸ்மார்ட் மீட்டர் தயாரிக்கும் கம்பெனிகளில் ஆர்டர் குவிந்து கிடக்கிறது, இன்னும் பல வருடத்துக்கு இந்தச் சந்தை வளரும் என்று பங்கு வாங்கும் நண்பர்கள் சொல்கிறார்கள். வளர்ச்சி உண்மைதான். ஆனால் அதற்குத் ‘தேவை’ என்று பெயர் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 2021 ஜூலையில் மத்திய அரசு, மின் விநியோக நிறுவனங்களைச் சீரமைக்கும் ஆர்.டி.எஸ்.எஸ். திட்டத்தைக் கொண்டுவந்து, 2025 மார்ச்சுக்குள் 25 கோடி ப்ரீபெய்டு (முன்பணம் கட்டும்) ஸ்மார்ட் மீட்டர் என்று இலக்கு வைத்தது. அதற்கு முன் என் மீட்டரை மாற்றிக் கொடுங்கள் என்று எந்த வீட்டுக்காரர் மனு கொடுத்தார்? மத்திய மானியம் பொதுவாக மீட்டர் விலையில் 15 சதவீதம், அதுவும் 900 ரூபாயைத் தாண்டாது. மீதியைக் கரண்ட் பில்லில்தானே வாங்குவார்கள்?

மீட்டர் பொறியாளர்:
மீட்டர் தொழிற்சாலையில்தான் வேலை பார்க்கிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரர் கேட்கவில்லை, சரி. விநியோக நிறுவனத்துக்குத் தேவை இருக்கிறதே. டிரான்ஸ்பார்மரில் ஒரு மீட்டர், அதன் கீழுள்ள ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மீட்டர், எல்லாம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை கணக்குச் சொன்னால், எந்தத் தெருவில் மின்சாரம் காணாமல் போகிறது என்று கழித்துப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். இன்று அது குத்துமதிப்பு.

வீட்டுக்கும் லாபம் உண்டு. 2022 செப்டம்பர் கட்டணத்தை வைத்துப் பாருங்கள் (அதற்கப்புறம் ஏறிவிட்டது). இரண்டு மாதத்தில் 500 யூனிட் ஓடினால் 1,725 ரூபாய். 510 ஓடினால் 2,030. பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! 500-ஐத் தாண்டியதும் கீழ்ப்படியில் யூனிட்டுக்குக் கிடைத்த 2.25 ரூபாய் விலை போய்விடும். ரீடிங் எடுப்பவர் நான்கு நாள் தள்ளி வந்தால் போதும், விளிம்பில் நிற்கும் குடும்பம் அந்தப் பக்கம் விழுந்துவிடும். ஸ்மார்ட் மீட்டர் குறித்த நாளில் நள்ளிரவில் தானே ரீடிங் அனுப்பிவிடும்.

ஓய்வுபெற்ற கணக்கீட்டாளர்:
முப்பது வருடம் வெள்ளை அட்டையில் ரீடிங் எழுதியவன் நான். மாடிப்படிக்கு அடியில் குனிந்து, கண்ணாடி மங்கிப்போன மீட்டரில் டார்ச் அடித்துக் கடைசி எண் மூன்றா எட்டா என்று பார்ப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தம்பி சொல்லும் தேதிப் பிரச்சினை நிஜம். ஆனால் அதைத் தீர்க்கப் புது மீட்டர் எதற்கு? 64 நாளில் ஓடிய யூனிட்டை 60 நாளுக்கு வகுத்துக் கொள்ளும்படி கணினியில் ஒரு வரி மாற்றினால் போதும்.

இன்னொன்று. 2020 ஆகஸ்ட் 12, கிருஷ்ண ஜெயந்தி அன்று உத்தரப் பிரதேசத்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்மார்ட் மீட்டர்களில் ஒரே நேரத்தில் கரண்ட் போனது. எங்கள் காலத்தில் பியூஸைப் பிடுங்க வேண்டுமென்றாலும் ஒரு ஆள் வீட்டு வாசலுக்கு வந்து நிற்க வேண்டும். வீட்டில் நோயாளி இருக்கிறார், இரண்டு நாள் பொறுங்கள் என்று அவரிடம் கேட்கலாம். தூரத்திலிருந்தே கரண்டை நிறுத்தும் சர்வரிடம் யார் கேட்பது?

கோவைப் பட்டறை:
வீட்டுப் பில்லை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். எனக்கு இந்த மீட்டர் வேண்டும், நானே கேட்கிறேன். 2023-ல் திருத்திய மத்திய விதிப்படி சூரிய ஒளி நேரத்தில் கட்டணம் குறைந்தது 20 சதவீதம் குறைய வேண்டும், உச்ச நேரத்தில் கூட வேண்டும். அதை மாநில ஒழுங்குமுறை ஆணையம் இங்கே நடைமுறைக்குக் கொண்டுவந்தால் லேத்தைப் பகலில் ஓட்டி, சாயங்காலம் நிறுத்திவிடுவேன். எந்த நேரத்தில் எவ்வளவு ஓடியது என்று அளக்கும் மீட்டர் இல்லாமல் அந்தச் சலுகையை எப்படி வாங்குவது?

மாம்பலத்துக்காரர்:
பட்டறை அண்ணனுக்குத் தேவை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அவருக்கு முதலில் கொடுங்கள். வேலைக்குப் போய் ஆறரை மணிக்கு வீடு திரும்பும் பெண் மிக்சியையும் வாஷிங் மெஷினையும் மத்தியானத்துக்குத் தள்ளிப்போட முடியுமா?

தியாகராய நகர் பக்கம் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் லட்சத்துக்கும் மேல் ஸ்மார்ட் மீட்டர் முன்னோட்டமாகப் பொருத்தினார்கள். மாதாமாதம் கணக்கெடுப்போம் என்ற 2021 தேர்தல் வாக்குறுதியை இந்த மீட்டரோடு சேர்த்துத்தான் பேசுகிறார்கள். மீட்டர் வந்த பிறகும் எங்கள் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வந்தது. இன்னொரு பக்கம், சுமார் 23 லட்சம் விவசாய பம்புசெட்டுகள் பெரும்பாலும் மீட்டர் இல்லாமலே ஓடுகின்றன. 1990 முதல் அவர்களுக்கு இலவசம். அது தொடரட்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் இழப்பைக் கண்டுபிடிப்பதுதான் நோக்கம் என்றால் டிரான்ஸ்பார்மரிலும், அதற்கு மின்சாரம் கொண்டுவரும் ஃபீடர் பாதையிலும் மீட்டர் வைத்து ஆரம்பியுங்கள். வீட்டுக் கதவை ஏன் முதலில் தட்டுகிறீர்கள்?

முன்பணம் விஷயம் வேறு. 2003 மின்சாரச் சட்டத்தின் 47(5) பிரிவு, ப்ரீபெய்டு மீட்டருக்குச் சம்மதிப்பவரிடம் டெபாசிட் கேட்கக்கூடாது என்கிறது. சம்மதம் என்ற சொல்லுக்கு அர்த்தம் வேண்டாமா? 2024-ல் குஜராத்தின் வதோதராவில் ப்ரீபெய்டு ஸ்மார்ட் மீட்டரை எதிர்த்து மக்கள் தெருவுக்கே வந்தார்கள்.

மீட்டர் பொறியாளர்:
ப்ரீபெய்டும் ஸ்மார்ட்டும் ஒன்றல்ல. அதே மீட்டரைப் பின்பணம் கட்டும் முறையிலும் ஓட்டலாம்; அந்த விருப்பம் வீட்டுக்காரருக்கு வேண்டும் என்பதில் உங்கள் பக்கம்தான் நானும். ஃபீடரும் டிரான்ஸ்பார்மரும் முதலில் என்பதும் சரியான வரிசை.

ஒப்பந்த முறைதான் எனக்கும் உறுத்துகிறது. தனியார் கம்பெனி முதலீடு போட்டு, பொருத்தி, பராமரிக்கும். மின் நிறுவனம் மீட்டர் ஒன்றுக்கு மாதம் இவ்வளவு என்று வருடக்கணக்கில் கட்டும். கேரளம் 2023-ல் இந்த முறையைத்தான் மறுத்தது, மீட்டரை மறுக்கவில்லை. இங்கேயும் சுமார் 82 லட்சம் மீட்டருக்கான டெண்டரில் அதானி குழுமம்தான் குறைந்த விலை கேட்டிருந்தது. அதுவே அதிகம் என்று 2024 டிசம்பரில் ரத்து செய்தார்கள். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

ஓய்வுபெற்ற கணக்கீட்டாளர்:
சரி தம்பி, வேலை தெரிந்தவர் என்பதால் ஒன்று கேட்கிறேன். அடுக்குமாடிகளில் மீட்டர் அறை தரைக்குக் கீழே இருக்கும். நாற்பது மீட்டர் வரிசையாக, கைபேசியில் ஒரு கோடு சிக்னல்கூட வராது. அங்கிருந்து ரீடிங் எப்படி வெளியே போகும்?

மீட்டர் பொறியாளர்:
ஒவ்வொரு மீட்டருக்கும் தனி சிம் போட்டால் அங்கே தோல்விதான் ஐயா. மீட்டருக்கு மீட்டர் ரேடியோவில் கைமாற்றி, மேலே ஒரு பெட்டி வைத்து அனுப்ப வேண்டும். டெண்டர் எழுதுவதற்கு முன்பே யாராவது அந்த அறைக்குள் இறங்கிப் பார்க்க வேண்டும். உங்களைப் போன்றவர்களைக் கூட்டிக்கொண்டு போனால், எந்தக் கட்டடத்தில் எது என்று ஒரே வாரத்தில் பட்டியல் போட்டுவிடலாம்.